சத்தம் வந்தால் மட்டும்

அலுவலகத்தில் அவனுக்குச் சிக்னல் என்று பெயர். வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகப் பழுது பார்க்கிறவன். மற்றவர்கள் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, "இப்ப பாருங்க, வந்துடும்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடப்பார்கள். இவன் உட்கார்ந்துவிடுவான். எப்போது போகிறது, எந்த மூலையில் போகிறது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று நோண்டிக்கொண்டே இருப்பான். ஒரு வீட்டில் நெட் வராததற்குக் கூடத்தில் இருந்த பெரிய மீன்தொட்டிதான் காரணம் என்று இவன் கண்டுபிடித்ததை மேலாளர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார். "அவனுக்கு அலையோட வாசனை தெரியும்யா." அதைக் கேட்கும்போது சிக்னல் தலையைக் குனிந்துகொள்வான். உள்ளுக்குள் குளிரும்.

அந்த வீட்டிலிருந்து ஒரே மாதத்தில் நான்கு புகார்கள் வந்திருந்தன. மூன்று பேர் போய்க் கையைப் பிசைந்துவிட்டு வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் மேலாளர் இவனை அனுப்பினார்.

ஒன்றாகக் கட்டி இரண்டாக வெட்டிய வீடு அது. கூடத்தின் நடுவில் தரையிலிருந்து கூரை வரை ஒரு சுவர். எழுப்பிய அவசரத்தில் ஒரு ஜன்னலையே அது பாதியாகப் பிளந்திருந்தது. ஒரு கதவு இந்தப் பக்கம், ஒரு கதவு அந்தப் பக்கம். செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டிய நாலங்குலச் சுவர். அதில் இந்தப் பக்கம் மட்டும் வழவழவென்று பூசி, வெளிர்நீலம் அடித்திருந்தது. அதை ஒட்டியே மேசை போட்டு, தலையில் ஹெட்செட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர். இரண்டு அண்ணன் தம்பிகளில் தம்பி.

"காலைல ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும்" என்றார் தம்பிக்காரர். "ஒரு மணிக்கு நிக்கும். மறுபடி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணி வரைக்கும். ஞாயித்துக்கிழமை ஒண்ணும் கிடையாது. மெஷின் இப்படி நேரம் பார்த்துக் கெட்டுப்போகுமா? மனுஷன்தான் பண்ணுவான்."

"யாரு சார்?"

அவர் தாடையால் சுவரைக் காட்டினார். "எங்கண்ணன். அலையைத் தடுக்கற ஜாமர் ஏதோ வாங்கி வச்சிருக்கான். நான் ஒழுங்கா வேலை பாக்கறது அவனுக்குப் பொறுக்கல. போன வாரம் மேலதிகாரி பேசிட்டே இருக்கும்போது அறுந்துபோச்சு. இன்னொரு தடவை இப்படி ஆனா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு மெயில் வந்திருக்கு. என் பொண்ணு டேப்லெட்ல பாடம் கேக்க முடியல. எட்டாவது வருஷமா இந்தக் கொடுமை."

எட்டு வருடம் என்றது நெட்டை அல்ல. அப்பா போன பிறகு வீட்டை விற்றுப் பங்கு பிரித்துவிடலாம் என்று தம்பி சொன்னார். அப்போதுதான் பக்கவாதம் வந்து விழுந்த மனைவியைத் தூக்கிக்கொண்டு எந்த மாடிக்குக் குடிபோவேன் என்று அண்ணன் கேட்டார். பேச்சு தடித்தது. சுவர் வந்தது. அதோடு பேச்சும் நின்றது. அதற்கெல்லாம் முன்பு, தம்பி மனைவியைப் பிரசவத்தின்போது அண்ணிதான் மூன்று மாதம் பார்த்துக்கொண்டாராம். அதையும் தம்பிக்காரரே சொன்னார். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டார்.

சிக்னல் பையிலிருந்து அலை அளக்கும் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தான். கைக்கு அடக்கமான திரை. மணி எட்டே முக்கால். திரையில் தெருவிலுள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றும் மேடு மேடாகத் தெரிந்தன. நடுவில் நல்ல இடைவெளி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் காத்திருந்தான்.

ஒன்பது மணி நான்கு நிமிடம். திரையின் அடிக்கோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டதுபோல எழுந்து நின்றது. மேடுகள் எல்லாம் அதில் முங்கிப்போயின. தம்பிக்காரரின் திரையில் பேசிக்கொண்டிருந்த முகம் வாயைத் திறந்தபடி உறைந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

சிக்னல் கருவியைத் தூக்கிக்கொண்டு சுவரை ஒட்டி நடந்தான். மேசைக்குப் பின்னால் வந்ததும் கோடு உச்சத்துக்குப் போனது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜாமர் இல்ல சார். கார்ட்லெஸ் போன். பழைய டைப். உங்க ரூட்டரும் அந்தப் போனும் பேசறது ஒரே அலைவரிசை. ரூட்டராவது ஒரு ஓரமா நின்னு பேசும். இந்தப் பழைய போன் இருக்கே, சந்தையில வழிதவறின மாடு மாதிரி, இங்க குதிக்கும், அங்க குதிக்கும். எந்த சேனலுக்கு மாத்தினாலும் வந்து முட்டும். யாரோ காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போனைக் கீழ வைக்காம பேசறாங்க."

"எட்டு மணி நேரமா? யாருகூட?"

அது சிக்னலுக்கும் புரியவில்லை.

சுலபமான வழி ஒன்றைச் சொன்னான். ரூட்டரிலிருந்து மேசைக்கு ஒரு கேபிள் இழுத்து, மெல்லிய லேப்டாப்பில் செருக ஒரு அடாப்டரும் வாங்கிவிட்டால் வேலை தடைப்படாது. டேப்லெட்டுக்கு வேண்டுமானால் புது மாதிரி ரூட்டருக்கு எழுதிப் போடலாம், ஒரு மாதத்தில் வரும்.

"நான் எதுக்கு என் வீட்டுல கேபிளைத் தடுக்கி விழணும்?" என்றார் தம்பிக்காரர். "தப்பு அவன் பக்கம். அவனை நிறுத்தச் சொல்லுங்க."

சிக்னல் அடுத்த வாசலுக்குப் போனான். இதுவெல்லாம் அவன் வேலையில் சேர்த்தி இல்லை. காரணத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். முழுதாகத் தீர்க்காமல் கிளம்பினால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அந்தப் பக்கத்து வீட்டின் முன்னால், தெருவை ஒட்டித் தகரக்கூரை போட்ட கொட்டகை. அதில் மூன்று தையல் மெஷின்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் ஆள் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் அளவு நாடா. பக்கத்தில் ஒரே நிறத்தில் அடுக்கடுக்காகப் பள்ளிச் சீருடைகள். வெட்டுமேசையின் மேல், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், ஆன்டெனா ஒடிந்து டேப் சுற்றிய ஒரு கார்ட்லெஸ் போன்.

"ஐயா, நெட் கம்பெனிலேர்ந்து வர்றேன்."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். மோட்டார் சத்தம் அடங்கியதும் அந்தப் போனிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. மூச்சு. இழுத்து, கொஞ்சம் நின்று, விட்டு, மறுபடி இழுத்து. அதன் பின்னால் மின்விசிறி சுற்றும் இரைச்சல்.

சிக்னல் போனையே பார்த்ததைக் கவனித்து அவர் சொன்னார்: "வீட்டுக்காரி. உள்ள படுத்திருக்கா. மெஷின் சத்தம் அவளுக்குத் தலைவலி, துணித் தூசி இருமல். அதான் பட்டறையை இங்க கொண்டாந்துட்டேன். கட்டில் பக்கத்துல ஒண்ணு, இங்க ஒண்ணு. காலைல வந்ததும் இன்டர்காமை அழுத்திவிட்டா, சாப்பாட்டுக்குப் போற வரைக்கும் ஓடும். அப்ப சார்ஜ்ல போட்டு மறுபடி எடுத்துட்டு வருவேன்."

"மெஷின் ஓடும்போது இது கேக்குமா ஐயா?"

"எட்டு வருஷமாச்சேப்பா. காதுல வேண்டாத சத்தமெல்லாம் போயிடும், வேண்டியது மட்டும் வரும்."

சிக்னல் விஷயத்தை விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "அவனுக்கு இதனாலயா கஷ்டம்? எனக்குத் தெரியாதே. ஆனா இதை நிறுத்தச் சொன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முப்பது தப்படி நடக்க வேண்டும். சிறிய அறை, சுத்தமான படுக்கை. கட்டில் அந்த நடுச்சுவரை ஒட்டிக் கிடந்தது. இந்தப் பக்கம் சுவர் பூசப்படாமல் செங்கல் செங்கலாகத் தெரிந்தது. அந்த அம்மா இவனைப் பார்த்து ஒரு பக்க உதட்டால் சிரித்தார். பிறகு கணவரைப் பார்த்து, "ங்க" என்றார்.

"தண்ணி கேக்கறா" என்றார் தையல்காரர். "ஏங்கன்னு கூப்பிடுவா. இப்ப கடைசி எழுத்துதான் வருது."

அது ஒரு குரல் என்பதைவிட, தொண்டையில் தங்கிய காற்று. இருந்தாலும் அவருக்கு அதில் தண்ணீர் எது, திருப்பிப் படுக்க வைப்பது எது, சும்மா கூப்பிடுவது எது என்று தெரிந்திருந்தது.

சிக்னல் திரும்பி வந்து தம்பிக்காரரிடம் சொன்னான். "உங்க அண்ணிக்காக வச்சிருக்கார் சார். வேற அலையில பேசற போன் கிடைக்குது. அதை மாத்திட்டா ரெண்டு பேருக்கும் தொந்தரவு இல்ல. நீங்க ஒண்ணு வாங்கிக் குடுத்தீங்கன்னா..."

தம்பிக்காரர் சுவரைப் பார்த்தார். "நான் குடுத்தா அவன் வாங்க மாட்டான்" என்றார். பிறகு, "நான் குடுக்கவும் மாட்டேன்" என்றார். உண்மை இரண்டாவதில் இருந்தது.

சிக்னலின் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட போன் ஒன்று கிடந்தது. கைபேசி வந்த பிறகு யாரும் தொடாத ஜோடி. மத்தியானம் சாப்பிடப் போனவன் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான். "கம்பெனில பழசுக்குப் புதுசு மாத்தித் தர்றாங்க ஐயா, இது உங்க பங்கு" என்று கூசாமல் பொய் சொன்னான். தையல்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பேட்டரி நைந்திருந்தது. பழைய போன் மாதிரி இன்டர்காமைத் திறந்தே வைத்தால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால் இந்தப் போனில் குழந்தை தூங்கும் அறையைக் கவனிப்பதற்கென்று ஒரு வசதி இருந்தது. அறையில் சத்தம் வந்தால் மட்டும் போன் விழித்துக்கொண்டு அந்தச் சத்தத்தை அனுப்பும். மற்ற நேரம் தூங்கும். பேட்டரி இரண்டு நாள் வரும். சிக்னல் அதைப் போட்டான். உணர்வு அளவை உச்சத்தில் வைத்ததும் மின்விசிறியின் இரைச்சலுக்கே போன் விழித்து விழித்து அலறியது. அளவை நடுவுக்கு இறக்கினான். அமைதியாயிற்று.

"ஐயா, நீங்க பட்டறைல நில்லுங்க." கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்றான். கொட்டகையிலிருந்து அவர், "கணீர்னு கேக்குதுப்பா!" என்று கத்தினார். அந்த அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

"சும்மா இருக்கும்போது சும்மா இருக்கும், சத்தம் வந்தா தானே பேசும்" என்று விளக்கிவிட்டுக் கிளம்பினான். நல்ல பேட்டரி ஒன்று வாங்கி வந்து போட்டுவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டான். அந்த வாரம் மழை. தெருத்தெருவாக இணைப்புகள் அறுந்தன. பேட்டரி மனதிலேயே இருந்தது.

பத்து நாள் கழித்து, புகாரை முடித்து வைப்பதற்காகத் தம்பிக்காரருக்குப் போன் செய்தான். அது வழக்கமான வேலை. நன்றாக இருக்கிறதா, திருப்தியா என்று கேட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

"நெட் நல்லா இருக்கு" என்றார் தம்பிக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு தடவைகூட அறுந்துபோகல." பிறகு சொன்னார்: "அண்ணி தவறிட்டாங்க. முந்தாநாள்."

சிக்னல் சாலையோரமாக வண்டியை நிறுத்தினான். "எப்படி சார்?"

"கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல சரிஞ்சு... முகம் மெத்தைல அமுங்கி. ஒரு மணிக்குச் சாப்பாடு குடுக்கப் போன அண்ணன்தான் பாத்திருக்கான். முழு நேரமும் போன் பக்கத்துலதான் இருந்துச்சாம். ஒரு சத்தம் வரலைன்னு சொல்லிச் சொல்லி அழறான்."

லாரி ஒன்று அவனை உரசுவதுபோலப் போயிற்று.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல." தம்பிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பேசினார். "அன்னிக்குப் பதினொன்றரை மணி இருக்கும். மீட்டிங்ல இருந்தேன். சுவத்துல யாரோ தட்டற மாதிரி சத்தம். டக்... டக். விட்டு விட்டு. போன்தான் கைவிட்டுப்போச்சு, இப்ப அண்ணன் சுவத்தைத் தட்டி வம்பு பண்றான்னு நினைச்சேன். ஹெட்செட்ல சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் நின்னுடுச்சு. நின்னதும் நிம்மதியா இருந்துச்சு சார் எனக்கு."

போனை வைத்த பிறகு சிக்னல் நெடுநேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். தம்பிக்காரர் செய்ததை நினைக்க அவனுக்கு நேரமில்லை. நடுவில் வைத்த அந்த அளவுதான் கண்முன் நின்றது. விட்டு விட்டு வரும் தட்டலுக்கோ, தொண்டையில் தங்கிய காற்றுக்கோ அந்த அளவில் போன் விழித்துக்கொள்ளாது. தன்னுடைய தடித்த குரலில் ஹலோ ஹலோ என்று சோதித்துவிட்டு வந்திருக்கிறான். கூப்பிட வேண்டியவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, நீங்க ஒரு தடவை கூப்பிடுங்க" என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்காது. பழைய போன் ஓட்டைதான், ஊர் அலையையெல்லாம் கெடுத்ததுதான். ஆனால் அது ஒரு நொடிகூட வாயை மூடாமல் அந்த மூச்சைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது என்பார்கள். இது குரங்காகக்கூட முடியவில்லை.

இரண்டு நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி இரண்டு தரம், "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். தலைவலி என்றான். மூன்றாம் நாள் காலை, விடுப்பு சொல்லிவிட்டு, அந்தத் தெருவுக்குப் போனான்.

தையல்காரர் தைத்துக்கொண்டிருந்தார். சீருடைகள் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. பிள்ளைகள் பள்ளி திறக்கும் நாள் யாருக்காகவும் நிற்காது. நான்கு நாள் தாடி. வெட்டுமேசையின் மேல் சிக்னலின் வீட்டு போன் அப்படியே இருந்தது.

"வாப்பா" என்றார். மெஷினை நிறுத்தினார். ஸ்டூலைக் காட்டினார். "நீயே வந்துட்டே. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உனக்குத்தான் தெரியும்."

"கேளுங்க ஐயா."

"அவ கூப்பிட்டாளா, கூப்பிடலையா?" அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "கூப்பிட்டு எனக்குக் கேக்காம போச்சா? இல்ல, கூப்பிடவே நேரமில்லாம ஒரேயடியாப் போயிட்டாளா? டாக்டர் எதுவா வேணா இருக்கலாம்ங்கறார். போன் சத்தம் வந்தா பேசும்னியே. இத்தனை நாள் இருமினா பேசுச்சு, மத்த நேரம் நல்லாத் தூங்கறான்னு இருந்தேன். அன்னிக்கு பேசல. அப்ப கூப்பிடல, அப்படித்தானே?"

வழி அகலமாகத் திறந்து கிடந்தது. ஆமாம் ஐயா, கூப்பிடவில்லை, தூக்கத்திலேயே போயிருப்பார் என்று சொன்னால் போதும். இந்த மனிதர் இன்றைக்காவது படுத்துத் தூங்குவார். ஊரும் அதையே சொல்லும். ஆனால் அந்தப் பொய் தன்னையும் காப்பாற்றும் பொய்யாக இருந்தது. அதனால்தான் அது சிக்னலின் வாயில் வரவில்லை. தன் பங்கு அதில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.

"தெரியல ஐயா. ஆனா கூப்பிட்டிருந்தாலும் அந்தப் போன் குடுத்திருக்காது." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான் அளவைக் குறைச்சு வச்சேன். ஃபேன் சத்தம் வேண்டாம்னு. அம்மாவோட குரல்ல சோதிச்சுப் பாக்கல. என் குரல்ல பாத்தேன். அது கம்பெனி போனும் இல்ல. என் வீட்டுது. பேட்டரி கெட்டுப்போனது. அதனாலதான் அந்த மாதிரி வச்சேன்."

தையல்காரர் விரலில் சுற்றிய நாடாவை அவிழ்த்தார். பிறகு எழுந்தார்.

"நீ இங்கயே நில்லு. போனைக் கைல எடுத்துக்கோ."

"ஐயா, வேண்டாம்."

"நில்லுன்னேன்."

அவர் உள்ளே நடந்தார். முப்பது தப்படி. சிக்னல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகையில் நின்றான். கொட்டகையின் ஓரம் வந்து எட்டிப் பார்த்தபோது, அறை ஜன்னல் வழியாக அவர் மின்விசிறியைப் போடுவது தெரிந்தது. கட்டிலில், அந்த அம்மா படுத்திருந்த பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் மட்டும் தெரிந்தது. அது ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. அவர் கூப்பிடுகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. அந்தக் குரல் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். ங்க. ங்க.

கையிலிருந்த போனில் விளக்கு எரியவில்லை. ஒரு இரைச்சல்கூட வரவில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தாறு முறை அந்தத் தோள் ஏறி இறங்கியது. பிறகு அவர் எழுந்து, படுக்கையை நீவிச் சரிசெய்துவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"கேட்டுச்சா?"

"கேக்கல ஐயா."

தையல்காரர் தலையை ஆட்டினார். மெஷினில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் இருந்தும் மறுபடி கோக்கப் பார்த்தார். சிக்னல் கோத்துக் கொடுக்க நகர்ந்தான், பிறகு தைரியம் இல்லாமல் நின்றான்.

"கூப்பிட்டிருக்கா" என்றார் அவர். "எனக்குத் தெரியும். நீ வேற மாதிரி சொல்லமாட்டியான்னு பாத்தேன். குளிப்பாட்டும்போது பாத்தேன், நல்லா இருக்கற கையில விரல்முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. செங்கல்ல தட்டியிருக்கா. நான் இந்தப் பக்கம் பூசாம விட்டுட்டேன் பாரு. வருஷா வருஷம் பூசணும்னு நினைப்பேன்."

வெளியே வெயில் ஏறியிருந்தது. அவர் நிமிர்ந்து சிக்னலைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் வீட்டுல இருந்தானாப்பா? உனக்கு ஏதாவது சொன்னானா?"

இதற்கு மட்டும் சிக்னல் பொய் சொன்னான். "தெரியாது ஐயா."

அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. "இருந்திருக்க மாட்டான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "இருந்திருந்தா வந்திருப்பான். என் மேலதான் கோபம். அவ கையால சாப்பிட்டு வளந்தவன்." பிறகு, "நீ போப்பா" என்றார். கோபமாக இல்லை. "வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ. சொன்னது சரிதான். ஆனா இனிமே வராதே. உன்னைப் பாத்தா எனக்கு அந்த ஹலோதான் ஞாபகம் வரும்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த வாசலில் தம்பிக்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. ஹெட்செட் கழுத்தில் தொங்கியது.

"சொல்லிட்டீங்களா?"

"என்னோடதைச் சொல்லிட்டேன் சார்."

"என்னோடது?"

"அதை நான் எப்படிச் சொல்றது? நீங்கதான் போகணும்." சிக்னல் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "உள்ளதான் இருக்கார். நீங்க அன்னிக்கு வீட்டுல இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

தம்பிக்காரர் அண்ணனின் கொட்டகையைப் பார்த்தார். பத்தடி தூரம். இரண்டு தப்படி எடுத்தும் வைத்தார். முகம் கோணியது. பிறகு நின்று, கைபேசியை எடுத்து மணி பார்த்தார். "பத்தரைக்கு ஒரு மீட்டிங் இருக்கு" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த கோடை விடுமுறையில் தம்பிக்காரர் குடும்பம் வேறு பகுதிக்கு மாறிப் போயிற்று. போவதற்குள் அண்ணனிடம் பேசினாரா என்பது சிக்னலுக்குக் கடைசி வரை தெரியாது. இணைப்பைத் துண்டிக்க அலுவலகத்திலிருந்து வேறொருவன் போய் வந்தான். அவனிடம் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. சிக்னல் அதற்குள் வீட்டு வேலையிலிருந்து தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டு, கம்பங்களில் கேபிள் இழுக்கும் குழுவுக்குப் போயிருந்தான். "ஏன்யா, உன் மூக்கை வச்சுக்கிட்டுக் கம்பத்துல ஏறி என்ன பண்ணப்போறே?" என்று மேலாளர் வருத்தப்பட்டார். வெயிலும் காற்றும் மேல் என்றான் அவன்.

ஒன்றரை வருடம் கழித்து, துணிக்கடைகள் நிறைந்த ஒரு தெருவில் அவன் கம்பத்திலிருந்து இறங்கியபோது, எதிரே தையல்காரர் வந்தார். கையில் நூல்கண்டுகள் நிறைந்த பை. உடம்பு பாதியாகியிருந்தது. ஒதுங்கிவிடலாமா என்று சிக்னல் நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். நின்றார். கூட்டம் இரண்டு பக்கமும் அவர்களை இடித்துக்கொண்டு போயிற்று.

"மேல ஏறும்போது கயிறு கட்டிக்கறியா?" என்று கேட்டார்.

"கட்டிக்கறேன் ஐயா."

"கட்டிக்கோ" என்றார். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனார்.